வாசகர் கேள்வி – பதில்: பல துறையினரை ஒரே மேடையில் அமர்த்துவது எப்படி?

மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், எழுத்தாளர் எனப் பல துறையினரை ஒன்றாக அமர்த்தி, பொதுமக்கள் முன்னிலையில் விவாதம் நடத்த விரும்பும் அமைப்புகளிடமிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டவை ஒரே கேள்வியாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாங்கள் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இனி மாதம் ஒரு முறை பல துறை அறிஞர்களை அழைத்துப் பொது விவாதம் நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம். முதல் தலைப்பாக 'செயற்கை நுண்ணறிவு: வரமா, சாபமா?' என்பதைத் தேர்ந்திருக்கிறோம். இது பொருத்தமானதுதானா?
— வாசகர் வட்டச் செயலாளர் ஒருவர்

பதில்: பொருத்தமில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தலைப்பில் கணினிப் பொறியாளர் ஒரு மணி நேரம் பேசலாம், வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பேசலாம், கவிஞரும் பேசலாம். ஆனால் ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் தம் பேச்சில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டிய கட்டாயம் எழாது. 'வரமும் உண்டு, சாபமும் உண்டு' என்ற முடிவுக்குக் கைதட்டிவிட்டு எல்லோரும் கலைந்து செல்வார்கள். பல துறையினரைக் கூட்டத் தகுந்த பொருள் எது என்பதற்கு நான் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் துறையும் தனியாக நின்று விடை சொல்லிவிட முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். அந்த விடைக்காக யாராவது ஒருவர் உண்மையிலேயே காத்திருக்க வேண்டும்.

உங்கள் தலைப்பை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'எக்ஸ்ரே படத்தைக் கணினி தவறாகப் படித்து, ஒருவருடைய நோய் கண்டறியப்படாமல் போனால், பொறுப்பு யாருடையது?' மென்பொருளை உருவாக்கியவர், எத்தகைய நோயாளிகளின் படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது, எந்தப் படங்களில் அது தடுமாறும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கதிரியக்க மருத்துவர், பணிநேரத்தின் கடைசியில் நூறாவது படத்தைப் பார்க்கும் மனிதக் கண்ணும் தவறும் என்பதை ஒப்புக்கொள்ள நேரும். அதைக் கேட்ட பிறகு, கவனக்குறைவு என்பதை எதோடு ஒப்பிட்டு நிறுவுவது என்று வழக்கறிஞர் யோசிக்க வேண்டியிருக்கும். பொருளியலாளரோ, மருத்துவரே இல்லாத இடத்தில் கணினிக்கு மாற்று மருத்துவர் அல்லர், படம் படிக்கப்படாமலே கிடப்பதுதான் என்று குறுக்கிடுவார். நோயாளியின் தரப்பில் பேசுபவர், 'என் படத்தைக் கணினிதான் படித்தது என்று எனக்கு எவரும் சொல்லவில்லையே' என்று கேட்பார். ஒவ்வொருவரின் பேச்சும் அடுத்தவரின் பேச்சைத் தொட்டு மாற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல கேள்வி செய்யக்கூடிய வேலை அதுதான்.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1976ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் நகரில், மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆய்வுக்கெனத் தனிப் பாதுகாப்பு வசதி கொண்ட ஓர் ஆய்வுக்கூடத்தை அமைக்க ஹார்வர்டு பல்கலைக்கழகம் முற்பட்டது. ஜூன் 23 அன்று நகரமன்றம் அது குறித்துப் பொது விசாரணை நடத்தியது. மரபணு அறிவியலின் எதிர்காலத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதற்காக எவரும் அங்கே கூடவில்லை. இந்த நகரத்தில் இந்த ஆய்வை அனுமதிப்பதா, வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் முன்னே நின்றது. ஆதரித்துப் பேசியவர்களிலும் விஞ்ஞானிகள் இருந்தார்கள், எதிர்த்துப் பேசியவர்களிலும் விஞ்ஞானிகள் இருந்தார்கள். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதை ஊர்மக்கள் நேரில் கண்டது அன்றுதான். ஜூலையில் நகரமன்றம் அந்த ஆய்வுக்கு மூன்று மாத இடைநிறுத்தம் விதித்து, நகரவாசிகளைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை விற்கும் வணிகர் ஒருவர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் செவிலியர், மருத்துவர், கட்டமைப்புப் பொறியாளர் ஆகியோர் இருந்தனர். அந்த ஆய்வில் ஈடுபட்டிருந்த எவரும் இல்லை. இடைநிறுத்தம் நீட்டிக்கப்பட்டது; குழு பல மாதங்கள் படித்தும் கேட்டும் விவாதித்தும், கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று 1977 ஜனவரியில் பரிந்துரைத்தது. பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று.

உங்கள் வட்டத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் விடைக்காகக் காத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க உங்களால் முடியும். அத்தகைய மென்பொருளை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மருத்துவமனை நிர்வாகி ஒருவரை முன்வரிசையில் அமர்த்தி, கடைசிக் கேள்வியை அவரிடம் ஒப்படையுங்கள். அவர் அங்கே இருக்கிறார் என்ற ஒன்றே பேச்சாளர்களின் பொத்தாம்பொதுவான வாக்கியங்களைக் குறைத்துவிடும்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் ஏழு துறைகளிலிருந்து ஏழு பேரை அழைத்திருந்தோம். ஏழு சொற்பொழிவுகள் நடந்தன. விவாதம் நடக்கவே இல்லை. எத்தனை பேரை, எந்த அடிப்படையில் அழைக்க வேண்டும்?
— கல்லூரிப் பேராசிரியை ஒருவர்

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் 70 நிமிடங்கள் பேச்சிலேயே போய்விடுகின்றன; வரவேற்பும் அறிமுகமும் நன்றியுரையும் மீதியை விழுங்கிவிடுகின்றன. மேடையில் மூவர் போதும். நால்வர் என்பது உச்சவரம்பு. ஒரு துறை விடுபட்டுப்போகிறதே என்ற மனக்குறை அமைப்பாளர்களுக்கு எப்போதும் இருக்கும். விடுபட்ட துறையினரை அரங்கின் முன்வரிசையில் அமர்த்தி, தேவைப்படும் இடத்தில் இரண்டு நிமிடம் பேசும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். எல்லாத் துறைக்கும் இடம் என்ற சமத்துவம் அழைப்பிதழில் அழகாக இருக்கும். அரங்கில் அதற்குப் பயனில்லை.

யாரை அழைப்பது என்பது எண்ணிக்கையைவிட முக்கியமானது. முதலில் பட்டம் பெற்ற துறைகளை மட்டுமே எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, பிரிட்டனின் கம்பிரியா மலைப்பகுதியில் மழையோடு இறங்கிய கதிரியக்கச் சீசியம் ஆடுகளின் இறைச்சியில் சேர்ந்தது. ஆடு விற்பனைக்கு விதித்த தடை மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்று அரசுத் தரப்பில் முதலில் சொன்னார்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு பிணைந்துகொள்ளும் என்ற அனுபவத்தை வைத்து அந்தக் கணக்கு போடப்பட்டிருந்தது. அந்த மேட்டு நிலமோ புளிப்புத்தன்மை கொண்ட கரி மண்; அங்கே சீசியம் பிணையாமல் புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போய், மீண்டும் மண்ணுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடுகளின் கடைசிப் பகுதி 2012இல்தான் விலக்கப்பட்டது. இதற்கிடையே, ஒரு வகைக் களிமண்ணைப் புல்வெளியில் தூவினால் கதிரியக்கம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளை வேலியிட்ட சிறு நிலத்துண்டுகளில் அடைத்துச் சோதனை செய்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆட்டை வேலிக்குள் அடைத்தால் அது இளைத்துப்போகும், கிடைக்கும் அளவீடு எதற்கும் உதவாது என்று மேய்ப்பவர்கள் சொன்னார்கள். அதுவே நடந்தது, சோதனை கைவிடப்பட்டது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எனவே அந்த மூன்று பேரில் ஒருவராவது, விவாதப் பொருளை அன்றாடம் கையால் தொட்டு வேலை செய்பவராக இருக்கட்டும்.

இரண்டாவதாக, கருத்து மாறுபடுபவர்களைத் தேடுவதைவிட, எதைச் சான்றாக ஏற்பது என்பதில் மாறுபடுபவர்களைத் தேடுங்கள். புள்ளியியலாளர் ஆயிரம் பேரின் சராசரியை நம்புவார்; மருத்துவர் தம் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்ப்பார்; வழக்கறிஞர் ஆவணத்தைக் கேட்பார். இந்த மோதல்தான் பார்வையாளருக்கு வேறெங்கும் காணக் கிடைக்காதது.

ஒரு புறத்துறையின் பத்து நிமிடம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு, 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் நடந்த கூட்டத்தைச் சொல்லலாம். மரபணு ஆய்வின் ஆபத்துகளைப் பற்றி அங்கே ஏறத்தாழ 140 பேர் கூடி, ஆய்வுச் சுதந்திரம் குறித்து முடிவுக்கு வராமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடியும் தறுவாயில், ஒரு மாலையில் வழக்கறிஞர்கள் எழுந்து, ஆய்வுக்கூடத்தில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டு வழக்கு எவர்மீது பாயும் என்பதை விளக்கினார்கள். மறுநாள் விஞ்ஞானிகள் கட்டுப்பாடுகளுக்கு இணங்கியதில் அந்த மாலைக்குப் பெரும் பங்கு உண்டு என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொதுமக்கள் எவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே சொன்ன கேம்பிரிட்ஜ் விசாரணை அடுத்த ஆண்டே வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஒரு துறையின் மொழி அடுத்த துறைக்குப் புரிவதில்லை. மேடையிலேயே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடுகிறது. முன்தயாரிப்பு எப்படி இருக்க வேண்டும்?
— ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: பேச்சாளர்கள் அரங்க வாசலில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள் என்றால், அந்த விவாதம் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில், பிரெஞ்சுத் தத்துவக் கழகத்தின் கூட்டத்தில் ஐன்ஸ்டைனும் தத்துவவாதி ஹென்றி பெர்க்சனும் ஒரே அரங்கில் இருந்தார்கள். பெர்க்சன் கேட்கத்தான் வந்திருந்தார். வற்புறுத்தியதால் எழுந்து, காலம் என்பதைப் பற்றி நீளமாகப் பேசினார். ஐன்ஸ்டைன் மிகச் சுருக்கமாக, தத்துவவாதியின் காலம் என்று ஒன்று இல்லை என்ற பொருள்படப் பதிலளித்து முடித்துக்கொண்டார். ஒருவர் கடிகாரம் அளப்பதைப் பற்றியும், மற்றவர் மனிதர் வாழ்ந்து உணர்வதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் ஒரு பிற்பகல் முன்கூட்டியே உட்காரவைத்து, 'நீங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?' என்று கேட்க அங்கே ஓர் அமைப்பாளர் இருந்திருந்தால், அன்று நடந்தது வேறாக இருந்திருக்கலாம். அந்த அரங்கோடு அது முடியவும் இல்லை. அதே ஆண்டு இறுதியில் ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு ஒளிமின் விளைவுக்காக வழங்கப்பட்டபோது, காலத்தைப் பற்றிய அவருடைய சார்பியல் கோட்பாட்டைக் குறிப்பிட வந்த வழங்குரை பெர்க்சனின் மறுப்பை நினைவூட்டியது.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு எளிமையானது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு ஒவ்வொரு பேச்சாளரும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதித் தர வேண்டும். அதில் தம் துறை இந்தக் கேள்விக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சொல்ல முடியாதது எது, அடுத்த துறையிடம் தாம் கேட்க விரும்புவது எது என்ற மூன்றும் இருந்தால் போதும். இரண்டாவதை எழுத மறுப்பவரை மேடைக்கு அழைக்காதீர்கள். குறிப்புகளை ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுத்த பிறகு, நெறியாளரும் பேச்சாளர்களும் ஒரு மணி நேரம் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் விவாதத்தையே நடத்தி முடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது நெறியாளரின் பொறுப்பு. சூடான வாக்குவாதம் கிளம்பும் இடத்தைக் குறித்துக்கொண்டு, 'இதை அரங்கில் வைத்துக்கொள்ளலாம்' என்று நிறுத்திவிட வேண்டும்.

பேச்சாளர்களுக்கு மட்டுமின்றிப் பார்வையாளர்களுக்கும் முன்தயாரிப்பு தேவை என்பதை டென்மார்க் காட்டியது. அங்கே 1987 முதல் தொழில்நுட்பக் கேள்விகள் குறித்துக் குடிமக்கள் மாநாடுகள் நடத்தப்பட்டன. துறை சாராத ஏறத்தாழ 15 பேர் இரண்டு வார இறுதிகளைப் படிப்பதற்கும் கேள்விகளை வகுப்பதற்கும் செலவிட்டார்கள். எந்த வல்லுநர்களை அழைப்பது என்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. பிறகுதான் பல நாள் நீளும் பொது அமர்வு. அங்கே வல்லுநர்கள் தாங்கள் விரும்பியதைப் பேச வரவில்லை, கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்ல வந்தார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லோருக்கும் இயலாது. ஆனால் ஆறேழு வாசகர்களுக்கு அந்தக் குறிப்புகளை முன்னதாகக் கொடுத்து, முதல் சுற்றுக் கேள்விகளை அவர்களையே எழுதச் சொல்வது எந்த அமைப்புக்கும் இயலும்.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை ஒரே விதி போதும்: அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேருக்குப் புரியாத சொல்லை நெறியாளர் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ் விசாரணையைத் தொடங்கிவைத்த நகரத்தலைவர் ஆல்ஃப்ரெட் வெலூச்சி, வந்திருந்த விஞ்ஞானிகளைப் பார்த்து, எழுத்துச் சுருக்கங்களை எங்களிடம் பயன்படுத்தாதீர்கள், நானும் சரி, இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோரும் சரி, உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். நெறியாளருக்கு வேண்டியது அந்தக் கூச்சமின்மைதான். அந்தத் துறையில் பெயர்பெற்றவரை நெறியாளராக்கினால், எதுவும் தெரியாதவர்போல் கேட்க அவர் தயங்குவார்.

கேள்வி: எங்கள் பேச்சாளர்களில் ஒருவருக்கு நம் மொழி சரளமாக வராது. தவிர்த்துவிடலாமா?
— அமைப்பாளர் ஒருவர்

பதில்: தவிர்க்க வேண்டியதில்லை. 1971இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் மொழியியலாளர் சாம்ஸ்கியும் தத்துவவாதி ஃபூக்கோவும் தொலைக்காட்சிக்காக விவாதித்தபோது, முன்னவர் ஆங்கிலத்திலும் பின்னவர் பிரெஞ்சிலும் பேசிக்கொண்டார்கள். தட்டுத் தடுமாறி நம் மொழியில் பேசவைப்பதைவிட, அவர் தம் மொழியில் பேச, அருகில் அமர்ந்திருப்பவர் பத்தி பத்தியாக மொழிபெயர்ப்பது மேல். மொழிபெயர்ப்பவருக்கு அந்த இரண்டு பக்கக் குறிப்பை முன்பே கொடுத்துவிடுங்கள். அவருக்கான நேரத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பட்டிமன்றம்போல நடுவர் தீர்ப்பு வேண்டாமா? தீர்ப்பு இல்லாவிட்டால் மக்கள் நிறைவில்லாமல் திரும்பிப் போகிறார்கள். சில இடங்களில் முன்னும் பின்னும் வாக்கெடுப்பு நடத்துகிறார்களே, அது சரியா?
— வாசகிகள் இருவர்

பதில்: நடுவர் தீர்ப்பு சொல்வதற்கு இரு தரப்பும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். பட்டிமன்றத்தில் அந்த அளவுகோல் சொல்நயமும் வாதத்திறமும். அந்தக் கலையை நான் மதிக்கிறேன். பல துறை விவாதத்திலோ அளவுகோல்தான் விவாதத்துக்குரிய பொருளே. எக்ஸ்ரே கேள்வியில் பொறியாளர் வென்றார், வழக்கறிஞர் தோற்றார் என்று சொல்வதற்கு ஒரு பொருளும் இல்லை. தீர்ப்பு உண்டு என்று தெரிந்துவிட்டால் பேச்சாளர்களும் மாறிவிடுகிறார்கள். 'இந்த இடத்தில் என் துறைக்கு விடை தெரியாது' என்ற வாக்கியம், நீங்கள் எவ்வளவு குறிப்பு எழுதி வாங்கினாலும், மேடையில் எவர் வாயிலிருந்தும் வராது.

வாக்கெடுப்பு முறையை 2002இல் லண்டனில் தொடங்கிய இன்டெலிஜென்ஸ் ஸ்குவேர்டு என்ற அமைப்பு பரவலாக்கியது. விவாதத்துக்கு முன்பும் பின்பும் அரங்கம் வாக்களிக்கும். அதிகம் பேரைத் தம் பக்கம் திருப்பியவரே வென்றவர் என்பது அந்தப் பாணி விவாதங்களில் வழக்கமாயிற்று. சுவாரசியமான முறைதான். ஆனால் தொடக்கத்திலேயே பெரும்பான்மை பெற்றிருக்கும் தரப்புக்கு வளர இடம் குறைவு. தம் தரப்பு வெல்ல வேண்டும் என்பதற்காக முதல் வாக்கில் 'முடிவு செய்யவில்லை' என்று பதிபவர்களைத் தடுக்கவும் வழியில்லை. எனவே நீங்கள் வாக்கெடுப்பு நடத்துவதானால் முதல் வாக்கை மட்டும் நடத்துங்கள்; அதன் முடிவை அறிவித்து, பெரும்பான்மை ஏன் அப்படி நினைக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். இறுதியில் எண்ணிக்கைக்குப் பதிலாக, 'இன்று கேட்டதில் உங்கள் எண்ணத்தை அசைத்தது எது?' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். மக்கள் கருத்து தகவலறிந்த பின் எப்படி மாறுகிறது என்பதை முறையாக அளக்க வேண்டுமானால், அதற்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் வகுத்த வழி வேறு. 1994இல் மான்செஸ்டரில் முதன்முறையாக நடத்தியபோது, குலுக்கல் முறையில் தேர்ந்த முன்னூறு பேரை ஒரு வார இறுதி முழுவதும் படிக்கவும் பேசவும் வைத்தார்கள். அரங்கில் தாமாக வந்து அமர்ந்த கூட்டத்தின் கையுயர்த்தலை அதற்குச் சமமாகக் கருத முடியாது.

கேள்வி: கேள்வி நேரம் வந்தால் கேள்வி கேட்காமல் சொற்பொழிவு ஆற்றுபவர்களே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்களும் இளைஞர்களும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
— பலர்

பதில்: மைக்கை எவர் கையிலும் கொடுக்கக் கூடாது, தன்னார்வலர் தம் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்பவருக்கு நீட்ட வேண்டும். பாதிக் கூட்டங்கள் இந்த ஒன்றாலேயே தப்பித்துவிடும்.

அடுத்தது வரிசை. பத்து நாடுகளில் ஏறத்தாழ 250 துறைசார் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பார்வையாளர்களில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள் என்பதையும், முதல் கேள்வியை ஆண் கேட்ட கூட்டங்களில் இந்த வேறுபாடு மேலும் பெருகுகிறது என்பதையும் கண்டது. எனவே முதல் கேள்விக்கு யாரை அழைப்பது என்பது நெறியாளரின் கையில் இருக்கும் பெரிய கருவி. 'கேள்விகள் உண்டா?' என்று கேட்டுவிட்டு முதலில் உயரும் கைக்கு வாய்ப்புத் தருவது நடுநிலைபோலத் தோன்றும்; உண்மையில் அது துணிச்சல் உள்ளவருக்குத் தரும் சலுகை.

மூன்றாவது, இடைவேளை. 1998இல் பிரிட்டனின் லீட்ஸ் நகரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'அறிவியல் கஃபே' கூட்டங்களில், வல்லுநர் இருபது நிமிடம் பேசுவார். பிறகு ஓர் இடைவேளை. அதன் பிறகு பேச்சைவிட நீண்ட கலந்துரையாடல். இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் 'நான் நினைப்பது சரிதானா?' என்று கேட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டவர், பிறகு எழுந்து நிற்கத் தயங்குவதில்லை. எழுத்தில் கேள்வி வாங்குவதையும் அந்த நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் வந்த தாள்களை நெறியாளர் தம் விருப்பப்படி மாற்றிச் சொல்லாமல், எழுதியபடியே வாசிக்க வேண்டும்.

கேள்வி: சமநிலைக்காக, அறிவியல் ஒப்புக்கொண்ட ஒன்றை மறுப்பவரையும் மேடையேற்ற வேண்டும் என்று எங்கள் குழுவில் சிலர் சொல்கிறார்கள்.
— இளைஞர் மன்ற உறுப்பினர் ஒருவர்

பதில்: வேண்டாம். புவி வெப்பமடைவதற்கு மனிதச் செயல்பாடு காரணமா என்பது மேடையில் கைதட்டலால் தீர்க்கும் கேள்வி அன்று. சான்றுகள் அதை முடிவு செய்துவிட்டன. ஆனால் அதைத் தடுக்கும் செலவை எந்தத் தலைமுறை சுமப்பது, நிலக்கரியை நம்பி வாழும் தொழிலாளிக்கு என்ன வழி, கடலோரத்தில் சுவர் எழுப்புவதா, மக்களை இடம்பெயர்ப்பதா என்பவை திறந்த கேள்விகள். இவற்றில் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு, பல துறைகளுக்கும் வேலை உண்டு. உண்மை எதுவென்ற கேள்வியையும், என்ன செய்வதென்ற கேள்வியையும் ஒரே தலைப்பில் கலந்துவிட்டால்தான் இந்தச் சங்கடம் எழுகிறது. உங்கள் குழுவில் அப்படிக் கேட்பவரிடம் கோபப்படாமல், அவர் மேடையேற்ற விரும்புபவர் இந்த இரண்டில் எதற்கு விடை சொல்வார் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: விவாதப் பொருளோடு தொடர்புள்ள ஒரு நிறுவனம் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்கிறது. ஏற்கலாமா?
— பொருளாளர் ஒருவர்

பதில்: அதே நிறுவனம் தொடர்பில்லாத வேறொரு மாதத்து விவாதத்துக்கு உதவத் தயாராக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்த பிறகு எதுவும் மிஞ்சுவதில்லை. புகைப்படங்களைத் தவிர என்ன பதிவு வைத்துக்கொள்ள வேண்டும்?
— வாசகர் வட்டச் செயலாளர் ஒருவர்

பதில்: பதிவு இல்லாத விவாதத்துக்கு என்ன நேரும் என்பதற்கு ஆக்ஸ்போர்டு சாட்சி. 1860 ஜூன் 30 அன்று அங்கே பரிணாமக் கொள்கை குறித்து ஆயர் வில்பர்ஃபோர்ஸும் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டார்கள். சொல்லுக்குச் சொல் பதிவு எதுவும் எடுக்கப்படவில்லை. பாட்டன் வழியா, பாட்டி வழியா குரங்கிலிருந்து வந்தீர்கள் என்று ஆயர் கேட்டதாகவும், அதற்கு ஹக்ஸ்லி சாட்டையடியாகப் பதில் தந்ததாகவும் சொல்லப்படும் கதை, கடிதங்களிலும் பிற்கால நினைவுக்குறிப்புகளிலும் பல வடிவங்களில் கிடைக்கிறது. அங்கிருந்த தாவரவியலாளர் ஹூக்கரோ, ஹக்ஸ்லியின் குரல் அரங்கம் முழுவதும் எட்டவே இல்லை, தாம் எழுந்து பேசியதுதான் எடுபட்டது என்று இரண்டு நாள் கழித்து டார்வினுக்கு எழுதினார். ஆயர் டார்வினின் சான்றுகளைப் பற்றி என்ன வாதிட்டார் என்பதை இன்று அறிந்தவர்கள் குறைவு. குத்தல் மட்டுமே வரலாற்றில் தங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறானவை, அமெரிக்காவின் மேசி அறக்கட்டளை கூட்டிய மேசி மாநாடுகள். 1946 முதல் 1953 வரை பத்து முறை, பெரும்பாலும் நியூயார்க்கில், கணிதவியலாளர்களும் மானிடவியலாளர்களும் நரம்பியலாளர்களும் உளவியலாளர்களும் கூடிப் பேசினார்கள். நார்பர்ட் வீனர், மார்கரெட் மீட், ஜான் வான் நியூமன் போன்றவர்கள் அதில் பங்கேற்றார்கள். வாரன் மெக்கல்லாக் தலைமை வகித்தார். அவை பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்கள் அல்ல என்றாலும், கடைசி ஐந்து மாநாடுகளின் உரையாடல்கள், குறுக்கீடுகளும் ஐயங்களும் உட்பட, நூல்களாக வெளிவந்தன. பதிப்பாசிரியர் பொறுப்பு அப்போதுதான் ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஹைன்ஸ் வான் ஃபோர்ஸ்டருக்குத் தரப்பட்டது. அவருடைய ஆங்கிலம் பலவீனமாக இருந்ததால், அது தேறட்டும் என்றே அந்த வேலையைக் கொடுத்தார்களாம். புரியாததைப் புரியவில்லை என்று கேட்டே தீர வேண்டிய நிலையில் இருப்பவர் பதிப்பாசிரியராவது வாசகருக்கு நல்லதுதான்.

ஒரே கூட்டத்தில் துறைகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை என்பதையும் அந்தப் பத்து மாநாடுகள் காட்டுகின்றன. எனவே மாதம் ஒரு புதுத் தலைப்பு என்ற உங்கள் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே கேள்வியை அதே பேச்சாளர்களோடு இரண்டு அல்லது மூன்று மாதம் தொடருங்கள். ஒலிப்பதிவிலிருந்து எழுத்துப் பிரதி எடுத்து, பேச்சாளர்களுக்கு அனுப்பித் திருத்தம் வாங்குங்கள். தகவல் பிழையை அவர்கள் திருத்தலாம். அரங்கில் சொன்ன கருத்தைப் பின்னால் மாற்றி எழுத விடாதீர்கள், கருத்து மாறியிருந்தால் அதை அடிக்குறிப்பாகச் சேருங்கள். பிரதியின் முதல் பக்கத்தில், அன்று விடை கிடைக்காத கேள்விகளை அச்சிடுங்கள். அடுத்த மாத அழைப்பிதழில் பேச்சாளர்களின் பெயர்களுக்கு மேலே அந்தக் கேள்விகள் வரட்டும்.